மனம்போல வாழ்வா? வாழ்வுபோல மனமா?

வாழ்க்கையில் முன்னேற வழி கூறும் நூல்கள் தமிழில் இன்று மலிந்து கிடக்கின்றன. தருமபுரி போன்ற சிற்றூர்ப் புத்தகக் கடைகளிலும் சமையற் குறிப்புகளுக்கும் சோதிடத்துக்கும் அடுத்தபடியாக இடம் பிடித்துக்கொள்வன இவையே. விடியற்காலையில் எழுக, குறிக்கோளை எழுதி வைக்க, எதிர்மறை எண்ணத்தை விலக்குக என்று எண்ணிட்டுக் கட்டளையிடும் இந்நூல்கள், நம் இல்லங்களில் தேர்வில் தேறிய பிள்ளைக்கும் புதுக்கடை திறக்கும் மருமகனுக்கும் பரிசாகப் போகின்றன. இவற்றை இகழ்ந்து தள்ளுவது நம் நோக்கமன்று. இவற்றைக் காசு கொடுத்து வாங்குவோரில் பலர் எளிய வீட்டுப் பிள்ளைகள். நம்பிக்கையோடு அவர்கள் கையிலெடுக்கும் நூல் அவர்களை எங்கே கொண்டு சேர்க்கிறது என்று ஆராய்வது பாடம் சொல்லிக் கொடுப்போர்க்குக் கடமையாகும்.

தமிழ் முஸ்லிம்களுக்கு இவ்வகை நூல் புதிதன்று. தொண்டியிற் பிறந்த எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்களின் ‘வாழ்க்கையில் வெற்றி’, ‘முன்னேறுவது எப்படி?’, ‘கவலைப்படாதே’ ஆகியன, நம் பெரியோரில் எழுத்தறிந்தவர் வீட்டு அலமாரிகளில் தப்பாமல் இருந்தவை. சமயம் கடந்து தமிழர் யாவரும் அவற்றை விரும்பிப் படித்தனர். தெளிந்த நடை, குறுகிய வாக்கியம், பக்கத்துக்குப் பக்கம் பெரியோர் வாழ்வில் நிகழ்ந்த ஒரு செய்தி. கிரேக்க ஞானியும் அமெரிக்க வணிகரும் அப்பாஸியக் கலீபாவும் ஒரே அத்தியாயத்தில் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்வர். தமிழ் உரைநடையில் இத்துணை எளிமையாக ஊக்கமூட்டியவர் சிலரே என்று நாம் துணிந்து கூறுவோம்.

ஆயினும் ஒரு குறை. பெரியோர் செய்ததை அவர் சொல்கிறார். அவர்கள் அதைச் செய்யக் கற்றுக்கொண்ட காலத்தைச் சொல்வதில்லை. வென்ற நாளின் விளக்கு நமக்குத் தெரிகிறது. வெல்லாத ஆயிரம் இரவுகள் தெரிவதில்லை. இத்தனைக்கும் அவ்விரவுகளை நன்கு அறிந்தவர் அவர். ‘இஸ்லாமியக் கலைக் களஞ்சியம்’ போன்ற பல தொகுதி நூலை, ஊக்கம் பொங்கிய நாளில் மட்டும் எழுதுபவர் எவரும் முடித்திருக்க இயலாது. ‘வாழ்க்கையில் வெற்றி’யைப் படித்தவர் மனம் கிளர்ந்தெழும். களஞ்சியத்தை அவர் எவ்வாறு எழுதி முடித்தார் என்று தாமே எழுதியிருப்பாராயின் கை எழுந்திருக்கும். 1993-இல் மறைந்த அவரிடம் இனி அதைக் கேட்பதற்கில்லை.

இந்தக் குறை அவருடையது மட்டுமன்று. இவ்வகை நூல்களின் மரபே அது. அதன் வேரைத் தமிழில் தேடினால் நாம் சென்றடைவது ஒரு சிறைக்கூடம். ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஆலன் 1903-இல் வெளியிட்ட சிறு நூலொன்றை வ. உ. சிதம்பரம் பிள்ளை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். அது 1909-இல், அவர் சிறையிலிருந்த காலத்தில் வெளிவந்தது. அதே ஆசிரியரைத் தழுவிய ‘அகமே புறம்’ முதலிய நூல்களும் பின்னர் வந்தன. இன்றைய தமிழ் முன்னேற்ற நூல்கள் பலவற்றின் பாட்டனார் இச்சிறு நூல் என்று கூறினால் மிகையாகாது. மனிதன் எண்ணுவது எதுவோ அதுவே ஆகிறான். அவன் சூழ்நிலையும் அவன் எண்ணத்தில் முளைத்ததே என்பது அதன் சாரம்.

இக்கருத்தை மொழிபெயர்த்தவர் யாரென்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1906-இல் கப்பல் கம்பெனி கண்டவர்; 1908-இல் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றவர்; கோவைச் சிறையில் செக்கிழுத்தவர். செக்கைச் சுற்றிய கால்கள் அவர் எண்ணத்தின் விளைவா, அரசாங்கத்தின் ஆணையா? ஆலனின் கூற்றை எழுத்துக்கு எழுத்து ஏற்றால் அவர் சிறைக்குக் காரணம் அவர் மனமே என்றாகும். ஒருவகையில் அது மெய்தான்; அடிமையாயிருக்க மறுத்த மனம் அது. ஆனால் அந்த மனம் அவருக்குத் தந்த சூழ்நிலை என்ன? 1912 டிசம்பரில் அவர் வெளிவந்தபோது கப்பல்களும் இல்லை, வழக்கறிஞர் சன்னதும் இல்லை. எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி வறுமையோடு போராட்டம். இத்தகைய ஒருவர் அந்நூலை ஏன் தமிழுக்குக் கொண்டுவந்தார்? செல்வம் சேர்க்கும் சூத்திரமாக அவர் அதைக் கொண்டிருக்க மாட்டார் என்பது நம் துணிபு. வெளியே யாதும் தம் கையில் இல்லாத நேரத்தில், உள்ளே ஒன்று மட்டும் தம் கையில் உள்ளது என்பதற்குச் சான்றாகவே அவர் அதைக் கொண்டிருக்க வேண்டும். இன்றைய வெற்றி நூல்கள் பாட்டனாரின் சொற்களை எடுத்துக்கொண்டு, அவை எழுதப்பட்ட இடத்தை விட்டுவிட்டன.

வ.உ.சி.யோடு தண்டனை பெற்ற சுப்பிரமணிய சிவாவின் முடிவு நம் மாவட்டத்தோடு பிணைந்தது. சிறையில் பற்றிய தொழுநோயோடு 1912-இல் வெளிவந்த அவர், இரயிலில் ஏறத் தடையிருந்ததால் ஊரூராய் நடந்து திரிந்து, பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து, 1925 ஜூலை 23-இல் அங்கேயே மறைந்தார். முன்னேற்ற நூல்களின் கணக்கேட்டில் இவரை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா? தருமபுரி மாணவரிடம் இவ்வினாவை எழுப்பாமல் வெற்றியைப் பற்றிப் பேச நம்மால் ஆவதில்லை.

இனி, மனம் முந்தியா செயல் முந்தியா என்னும் வழக்குக்கு வருவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா உலூமித்தீன்’ நாற்பது பாகங்களைக் கொண்டது. அவற்றில் இருபத்திரண்டாவது, நஃப்ஸைப் பயிற்றுதல் பற்றியது. ஒருவன் அழகிய எழுத்தனாக விரும்பினால் என்ன செய்வான் என்று அங்கே இமாம் ஆராய்கிறார். தேர்ந்த எழுத்தனின் கை எவ்வாறு இயங்குகிறதோ அவ்வாறே தன் கையை இயக்குவான். முதலில் அது வலிந்து செய்யும் போலிதான். நாட்கள் செல்லச் செல்ல அது கையிலிருந்து நெஞ்சுக்கு ஏறி இயல்பாகிறது. பின்னர் நெஞ்சிலிருந்து கைக்கு இறங்குகிறது. உலோபி ஈகையாளனாக வேண்டுமாயின், ஈகை இனிக்கும் நாளுக்காகக் காத்திராமல், கசக்கும்போதே கொடுக்க வேண்டும். ‘தகல்லுஃப்’ எனப்படும் வலிந்து முயல்தல், ‘தப்உ’ எனப்படும் இயல்பாக மாறும் வரை இது நடக்கும். உள்ளமும் உறுப்பும் ஒன்றையொன்று ஊட்டும் வட்டம் என்பது இமாமின் கொள்கை. ஆலன் அந்த வட்டத்தின் ஒரு பாதியை எடுத்து முழுமையென்று காட்டினார். நாம் விட்டுவிட்ட மறுபாதியோ, ஏழைக்கும் எட்டக்கூடிய பாதி.

இங்கே ஒரு தடை எழும். செயல்கள் யாவும் நிய்யத்தைப் பொறுத்தவை என்பதன்றோ நாம் சிறு வயதில் முதன்முதலாகக் கற்ற நபிமொழி? அப்படியாயின் எண்ணம்தானே முந்தி? அன்று. நிய்யத்து என்பது கையிலெடுத்த செயலுக்குத் திசை காட்டுவது. செயலே இல்லாமல் பலனை மட்டும் மனத்திற் காண்பதற்கு அரபியில் வேறு சொல் உண்டு. அதைத் ‘தமன்னி’ என்பர். மாளிகையை மனக்கண்ணில் நாள்தோறும் காண்க, அது உம்மை வந்தடையும் என்று கூறும் நூல்கள் நமக்குக் கற்பிப்பது தமன்னியையே. இரண்டையும் ‘எண்ணம்’ என்னும் ஒரே சொல்லால் தமிழில் குறித்ததால் வந்த குழப்பம் சிறிதன்று.

பழக்கத்துக்கு அரபியில் ‘ஆதத்’ என்று பெயர். மீண்டு வருதல் என்னும் பொருளுடைய வேரிற் பிறந்தது. மீண்டும் மீண்டும் வருவது எதுவோ அதுவே பழக்கம். குர்ஆன் மனனம் செய்யும் மதரஸாக்களில் இதைக் கண்ணாற் காணலாம். பத்து வயதுப் பிள்ளையை அழைத்து வெற்றி மனப்பான்மை பற்றி அங்கே எவரும் சொற்பொழிவாற்றுவதில்லை. சுப்ஹுக்குப் பின் புதுப்பாடம். பின்னர் அண்மையில் ஓதிய பாடம். அதன் பின்னர் பழம்பாடம். நாளொன்றுக்கு ஒரு பக்கம் நின்றாலும், மதீனா அச்சின் 604 பக்கங்கள் இரண்டு ஆண்டுக்குள் நெஞ்சில் ஏறிவிடும் கணக்கு. ஆனால் எந்த உஸ்தாதும் புதுப்பாடத்துக்கு அஞ்சுவதில்லை. பழம்பாடம் நழுவுவதற்கே அஞ்சுவார். முன்னேற்ற நூல்களில் புதுப்பாடம் நிரம்ப உண்டு. பழம்பாடத்தைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை.

அண்மைக்கால ஆய்வு ஒன்றையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். எந்தப் பழக்கமும் இருபத்தொரு நாளில் படிந்துவிடும் என்று பலரும் முழங்குகின்றனர். இது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்னும் அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960-இல் எழுதிய நூலிலிருந்து பரவிய செய்தி. மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழக எத்தனை நாளாகிறது என்று அவர் கண்டதைப் பின்வந்தோர் எல்லாப் பழக்கத்துக்கும் விதியாக்கிவிட்டனர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவோ வேறு. ஒரு செயல் தானே இயங்கும் பழக்கமாவதற்குச் சராசரி 66 நாள். ஆளையும் செயலையும் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் தவறுவதால் பெருங்கேடு இல்லை என்பதும் அவர்கள் கண்டது.

இக்கடைசிச் செய்தியைப் படித்தபோது நாம் மீண்டும் இஹ்யாவைப் புரட்டினோம். ஓரிரவுப் படிப்பால் எவனும் ஃபகீஹ் ஆவதில்லை, ஓரிரவு சோம்பியதால் எவனும் அப்பதவியை இழப்பதுமில்லை என்று இமாம் அதே இருபத்திரண்டாம் பாகத்திற் கூறி, உடனே ஓர் எச்சரிக்கையும் சேர்க்கிறார். ஓரிரவுச் சோம்பல் மறு இரவை அழைக்கும் என்பதே அது. ஹிஜ்ரி 505-இல் மறைந்தவர், ஆய்வாளர் கண்டதையும் கண்டு, அதற்கு அப்பாலும் ஓரடி வைத்திருக்கிறார். ரமளானில் நிரம்பி வழிந்த ஸஃப்புகள் ஷவ்வால் பிறந்ததும் மெலிவதை ஆண்டுதோறும் காணும் இமாம்களுக்கு இவ்வெச்சரிக்கையின் பொருள் விளக்க வேண்டியதில்லை.

ஜேம்ஸ் கிளியர் 2018-இல் எழுதி உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்ற நூலைப் பற்றியும் ஒரு சொல். சிறு செயலைத் தொடர்ந்து செய்க, சூழலைச் செயலுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்க என்று அவர் கூறுவன நல்லவை. சிறிதாயினும் இடைவிடாத அமலே இறைவனுக்கு உவப்பானது என்னும் கருத்தைப் பெருமானார் (ஸல்) வாயிலாக அறிந்த சமுதாயத்துக்கு இதில் முரண்பட ஏதுமில்லை. ஆனால் நாளுக்கு நூற்றிலொரு பங்கு முன்னேறினால் ஆண்டில் முப்பத்தேழு மடங்காவோம் என்று அவர் போடும் கணக்கு வட்டிக்கு வட்டிக் கணக்கு. உவமையே வட்டியாயிற்றே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் முகஞ்சுளிப்பர், அதை விடுவோம். கணக்கே தவறானது என்பதுதான் நம் மறுப்பு. வட்டியில் முதல் தூங்கும்போதும் வளரும். மனிதன் தூங்கும்போது மறப்பான். முப்பத்தேழு மடங்கு ஓதும் ஹாபிஸையும் முப்பத்தேழு மடங்கு நெய்யும் நெசவாளியையும் எவரும் கண்டதில்லை.

வணிக உவமையைக் கஸ்ஸாலியும் கையாளுகிறார், வேறு வகையில். இஹ்யாவின் முப்பத்தெட்டாம் பாகத்தில் அறிவு வணிகன், நஃப்ஸு அவன் கூட்டாளி, வாழ்நாள் முதல். காலையில் கூட்டாளியோடு நிபந்தனை பேசி, பகலெல்லாம் கண்காணித்து, மாலையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். பின்னர் தவறுக்குத் தண்டம், முயற்சி, கடிந்துரை என ஆறு படிகள். இதில் முதல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருகிறது என்பதைக் கவனிக்க. வளரும் முதலைக் காட்டி ஆசையூட்டுவது ஒரு முறை. கரையும் முதலைக் காட்டிக் கணக்குக் கேட்பது மற்றொரு முறை. நாட்குறிப்பும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய நம் வணிகக் குடும்பங்களுக்கு இரண்டாவது புரியாததன்று. அமெரிக்கரான பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் பதின்மூன்று நற்குணங்களைச் சிறு ஏட்டில் கட்டமிட்டு, வாரத்துக்கு ஒன்றாய் எடுத்து, ஒவ்வொரு மாலையும் தவறுகளுக்குக் கரும்புள்ளி வைத்தார். ஒழுங்கு என்னும் குணம் மட்டும் தமக்குக் கடைசிவரை வசப்படவில்லை என்று தன்வரலாற்றில் அவர் மறைக்காமல் எழுதியிருப்பது, அவர் பெற்ற வெற்றிகளின் பட்டியலைவிட மாணவர்க்குப் பயன் தரும்.

இதுவரை கூறியது நூல்கள் பாதி சொன்னதைப் பற்றி. அவை அறவே சொல்லாதது ஒன்றுண்டு. அதற்கு நாம் தொலைதூரம் செல்ல வேண்டா.

தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதி. பல் முளைக்கும் பருவத்தில் அந்நீரைப் பருகிய பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்து நிலைத்துவிடும். நெடுங்காலம் பருகினால் எலும்பும் மூட்டும் விறைக்கும். நாள்தோறும் தண்ணீர் குடிப்பதும் ஒரு பழக்கம்தான், அதுவும் நற்பழக்கம். முன்னேற்ற நூல்கள் அனைத்தும் பரிந்துரைப்பது. அந்த நற்பழக்கமே இங்கே ஊறு செய்தது. எத்துணைத் தூய எண்ணத்தோடு பருகினாலும் கறை படியாமல் இருந்திருக்காது. ஏறத்தாழ 1,900 கோடி ரூபாயில், ஜப்பானியக் கடனுதவியோடு, காவிரி நீரைக் குழாய்களிற் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-இல் தொடங்கப்பெற்று 2013-இல் நடைமுறைக்கு வந்த பின்னரே நிலை மாறத் தொடங்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காட்டைத் தொட்டபோது, தருமபுரி 68.5 விழுக்காட்டோடு மாநிலத்திலேயே கடைசியாய் நின்றது. இதற்கும் தருமபுரியாரின் மனப்பான்மைதான் காரணம் என்பார் உளரோ?

நம்மிடம் படித்த இளைஞர் ஒருவர், வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் மூன்று முறை தவறியவர், பேசும்போதெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொள்வார். கறை படிந்த பற்கள். தம் குறிப்பேட்டில், தோல்விக்குக் காரணம் தம் எதிர்மறை எண்ணமே என்று ஒரு வெற்றி நூலின் அத்தியாயத் தலைப்பைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். அவர் தவறாக எழுதிவிட்டார் என்று நாம் கருதவில்லை. நூல் சொன்னதை நூல் சொன்னபடியே எழுதியிருந்தார். சூழ்நிலை எண்ணத்தின் விளைவு என்ற கொள்கை, வென்றவனிடம் சென்றால் செருக்காகவும் தோற்றவனிடம் சென்றால் தன்னிகழ்ச்சியாகவும் மாறுகிறது. திருவள்ளுவர் இவ்விடத்தில் எவ்வளவு நேர்மையாக நடந்துகொள்கிறார்! அறத்துப்பாலின் இறுதியில் ‘ஊழ்’ என்று ஓர் அதிகாரம் வைத்து அதன் வலிமையை ஒளிக்காமல் உரைத்துவிட்டு, பொருட்பாலில் ‘மடியின்மை’யையும் ‘ஆள்வினையுடைமை’யையும் வைக்கிறார். ஒன்றைக் காட்டி மற்றொன்றை அவர் மறைப்பதில்லை.

அதே மாவட்டத்தில் பழக்கத்தின் மற்றொரு முகத்தையும் காணலாம். பட்டுப்புழு வளர்க்கும் வீடுகள் இங்கே மிகுதி. தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடியும் உண்டு. புழு முட்டையிலிருந்து வந்து கூடு கட்டத் தொடங்கும் வரை ஏறத்தாழ நான்கு வாரம். நான்கு முறை தோலுரிக்கும். அதுவரை வேளை தவறாமல் மல்பெரி இலை இட வேண்டும். தட்டைத் துப்புரவாக்க வேண்டும். வெப்பமும் ஈரமும் பார்க்க வேண்டும். திருமணமென்றும் காய்ச்சலென்றும் புழுவிடம் விடுப்புக் கேட்க முடியாது. அவ்வீட்டுப் பெண்கள் விடியலில் எழுவது எந்த நூலையும் படித்தன்று. எழாவிட்டால் புழு மடியும், கடன் நிற்கும். அவர்களின் ஒழுங்கைப் புகழும் நாம், கூட்டின் விலை அங்காடியில் விழுந்தால் அவ்வொழுங்கு அவர்களைக் காப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சொல்லாராய்ச்சி ஒன்றையும் கூறிவிடுகிறோம்; ஆசிரியத் தொழிலின் நோய் இது. வெற்றி என்பது ‘வெல்’ என்பதன் அடியாகப் பிறந்த சொல். வெல்ல ஒருவன் வேண்டுமாயின் தோற்க ஒருவன் வேண்டும். ஐவேளைப் பாங்கிலும் நம்மை அழைக்கும் ‘ஃபலாஹ்’ என்னும் சொல்லின் வேரோ, நிலத்தைப் பிளந்து உழுதலைக் குறிப்பது. உழவனுக்கு அரபியில் ‘ஃபல்லாஹ்’ என்பது பெயர். உழவன் எவரையும் வெல்வதில்லை. மழை தன் கையில் இல்லை என்பதை அவனைவிட நன்கறிந்தவர் இல்லை. ஆயினும் உழாமல் இருப்பதுமில்லை. கேழ்வரகும் மாவும் புளியும் விளையும் நம் வானம்பார்த்த பூமியில் இப்பொருள் பொருந்துவது போல் ‘வெற்றி’யின் பொருள் பொருந்துவதில்லை. ‘வாழ்க்கையில் ஃபலாஹ்’ என்று அப்துற் றஹீம் அவர்கள் நூலுக்குப் பெயரிட்டிருந்தால் இத்தனை பதிப்பு விற்றிராது என்பதும் நமக்குத் தெரியும்.

இளைஞர் கைக்கு இந்நூல்கள் போகாமல் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டா. அப்துற் றஹீம் அவர்களின் நூல்களை இனி மறுபதிப்புச் செய்வோருக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் வேறு. பெரியோர் பற்றிய ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மூலம் இன்னதென்று அடிக்குறிப்பு இடுக; மூலம் கிடைக்காதவற்றை அவ்வாறே குறிப்பிடுக. நூலின் இறுதியில் ஃபிராங்க்ளின் வைத்ததைப் போன்ற கட்டமிட்ட வெற்றுப் பக்கங்கள் சிலவற்றைச் சேர்த்து, நாள்தோறும் மாலையில் எழுதுமாறு அச்சிடுக. முன்னுரையில், சூழ்நிலை மனிதனை எவ்வளவு கட்டும் என்பது பற்றி, தண்ணீரும் பள்ளியும் இல்லாத ஊரில் வாழ்ந்தறிந்த ஒருவரைக் கொண்டு இரண்டு பக்கமாவது எழுதுவிக்க. அட்டையில் மலையுச்சியில் கைகளை உயர்த்தி நிற்கும் மனிதன் படத்தைத் தவிர்க்க. தருமபுரியில் மலைக்குக் குறைவில்லை. நாமறிய அவற்றில் ஏறியவர்கள் ஆடு மேய்க்கவும் விறகு கொண்டுவரவும் ஏறியவர்கள், கைகள் கீழேதான் இருந்தன.